கேன்டர்பரி நாத்தானும் மேட்லின் கேவினஸும்: கொஞ்சம் பேசலாமா?

#1 சாளரம்

இங்கிலாந்தில் கென்ட் பக்கம் குடிவந்து பதினொரு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் கேன்டர்பரி பேராலயத்துக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டு வழக்கம். போன வாரம் சித்தி வந்திருந்தார். தெற்கு வாசல் பக்கம் இருக்கும் பெரிய வண்ணக் கண்ணாடிச் சன்னலை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் எந்தக் காலத்துலே செஞ்சதுன்னு எப்படிப்பா சொல்றாங்க? தேதி எங்கேயாவது போட்டிருக்கா?" என்று கேட்டார். பெயர் போட்டிருக்கிறது, தேதி இல்லை. அந்த இடத்தில் எனக்குத் தெரிந்ததை அரைகுறையாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் அதிலேயே நின்றது. அந்தக் கேள்விக்காகவே ஆயுளில் பெரும்பகுதியைக் கொடுத்த ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவர் பெயர் மேட்லின் கேவினஸ். 1938இல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் நியூனம் கல்லூரியில் படித்தார். பிறகு அமெரிக்கா போய் 1970இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம். ஆய்வுப் பொருளே கேன்டர்பரிக் கண்ணாடிதான். 1972இலிருந்து 2007 வரை பாஸ்டன் பக்கம் உள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு சொல்லிக்கொடுத்தார். 1977இல் கேன்டர்பரியின் ஆரம்பகாலக் கண்ணாடி பற்றி ஒரு நூல். 1981இல் அந்தப் பேராலயத்தின் சன்னல்களை ஒவ்வொரு துண்டாகப் பதிவுசெய்த பெரிய தொகுதி.

நான் சொல்ல வந்தது அதற்கும் பிறகு நடந்தது. கேன்டர்பரியில் கிறிஸ்துவின் முன்னோர்கள் என்று ஒரு வரிசை உண்டு. ஆதாமில் தொடங்கும் வம்சாவளி. முதலில் 86 உருவங்கள் இருந்தன, மேல்மாடச் சன்னல்களில், தரையிலிருந்து கழுத்து வலிக்கிற உயரத்தில். இப்போது 43 மிஞ்சியிருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவற்றில் பலவற்றைக் கழற்றிக் கொண்டுவந்து தெற்குப் பெருஞ்சன்னலிலும் மேற்குச் சன்னலிலும் பொருத்தினார்கள். 1174இல் பேராலயம் எரிந்தது. ஆகவே இந்த வரிசை முழுவதும் தீக்குப் பிறகு கட்டிய பகுதிக்காகச் செய்தது என்றுதான் எல்லாரும் வைத்திருந்தார்கள்.

1987இல் கேவினஸ் ஒரு கட்டுரை எழுதினார். இந்த வரிசையில் நாத்தான் உட்பட நான்கு உருவங்கள் மற்றவற்றோடு சேரவில்லை, அவை தீக்கு முந்தியவை, பழைய கட்டடத்திலிருந்து எடுத்துப் புதிய சன்னலுக்கு ஏற்றபடி சுற்றிலும் கரை சேர்த்துப் பொருத்தியிருக்கிறார்கள் என்றார். கையில் கருவி எதுவும் கிடையாது. பார்த்துப் பார்த்துப் பழகிய கண்தான்.

34 வருடம் கழித்து, 2021 ஜனவரியில், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்களும் பேராலயத்தின் கண்ணாடிப் பட்டறைத் தலைவரும் சேர்ந்து செய்த ஆய்வு வெளிவந்தது. கண்ணாடியைச் சுரண்டாமல், உடைக்காமல், அதன் வேதிச் சேர்மானத்தை அளந்து பார்த்தார்கள். நாத்தானின் கண்ணாடி 1130க்கும் 1160க்கும் இடைப்பட்ட காலத்தோடு ஒத்துப்போனது. அப்போது கேவினஸ் எண்பதைத் தாண்டியிருந்தார்.

யோசித்துப் பாருங்கள். 1170 டிசம்பர் 29 அன்று பேராயர் தாமஸ் பெக்கெட் அந்தக் கட்டடத்துக்குள் வெட்டிக் கொல்லப்பட்டபோது இந்தக் கண்ணாடி அங்கே இருந்திருக்கிறது. 1174 ஜூலையில் மன்னர் இரண்டாம் ஹென்றி அந்தக் கொலைக்குப் பரிகாரமாக வெறுங்காலோடு வந்து பெக்கெட்டின் கல்லறை முன் முதுகைக் காட்டி அடி வாங்கிக்கொண்டபோதும் இருந்திருக்கிறது. பதினொரு வருடமாக நான் இதன் கீழேதான் நடந்திருக்கிறேன். தெரியாமல் நடந்திருக்கிறேன்.

#2 கரிசல்காடு

நல்ல பதிவு. ஆனால் ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"பாணியைப் பார்த்துக் காலம் சொல்வது" என்பதை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். ஒரு பட்டறையில் கிழவர் ஒருவர் இருந்து, தன் இளமையில் கற்ற பழைய பாணியிலேயே 1180இலும் வரைந்திருக்கலாமே? கரை சேர்த்தது என்பதற்கும் வேறு காரணம் இருக்கலாம். 1987இல் அவர் சொன்னது ஓர் ஊகம். 2021இல் அது சரியாக அமைந்தது, சந்தோஷம். ஆனால் சரியாக அமைந்த ஊகங்களை மட்டும்தான் நாம் இப்படிப் பேசுகிறோம். தப்பாகப் போனவை எத்தனை இருக்கும்?

#3 சாளரம்

நியாயமான கேள்வி. கிழவர் விஷயத்தை நானும் யோசித்தேன்.

நான்கு உருவங்கள் "பழையதாகத் தெரிகின்றன" என்பதோடு அவர் நிற்கவில்லை. தீக்குப் பிந்திய உருவங்களில் மெத்தூசலா என்று ஒன்று இருக்கிறது. அதைச் செய்த கலைஞருக்கு மெத்தூசலா மாஸ்டர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மெத்தூசலா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் உடம்பின் பாரம் தெரியும். தாடையில் கை, யோசனை, துணி முழங்காலில் மடிந்து விழுகிற விதம், எல்லாம் ஓர் ஆள் உண்மையிலேயே அங்கே உட்கார்ந்திருப்பது போல. நாத்தானின் உடை அப்படி விழாது. வளைந்த கோடுகள் துணியைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கின்றன. அந்த வகை வரைதல் 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்துச் சுவடி ஓவியங்களில் நிறைய. கேன்டர்பரியிலேயே, புனித அன்செல்ம் சிற்றாலயத்தில், பவுல் பாம்பைத் தீயில் உதறுகிற சுவரோவியம் இருக்கிறது. அதன் துணியைப் பாருங்கள். பிறகு நாத்தானைப் பாருங்கள்.

அடுத்தது அளவு. பழைய சன்னல் சின்னது, புதியது பெரிது. உருவத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இடம் மிஞ்சும். அந்த இடத்தை நிரப்பிய கரையின் வேலைப்பாடு தீக்குப் பிந்திய பாணி. அதாவது ஒரே சன்னலுக்குள் இரண்டு காலம். 2021 ஆய்விலும் உருவத்தின் கண்ணாடியும் கரையின் கண்ணாடியும் ஒரே குடும்பமாக வரவில்லை.

இப்படிச் செய்வது அந்தக் காலத்தில் அதிசயமும் இல்லை. பிரான்சில் சார்த்ர் பேராலயம் 1194இல் எரிந்தது. அங்கே தப்பிய அன்னை மரியாள் கண்ணாடியை 13ஆம் நூற்றாண்டில் ஒரு புதிய பெரிய சன்னலின் நடுவில் வைத்து, சுற்றிலும் வானதூதர்களைச் சேர்த்தார்கள். இன்றும் அந்த நடுப்பகுதியின் நீலம் வேறு, சுற்றியிருக்கும் நீலம் வேறு. கேவினஸுக்கு அந்த உதாரணம் நன்றாகத் தெரியும், தன் கட்டுரைத் தலைப்பிலேயே அதை நினைவுபடுத்தியிருக்கிறார்.

தப்பாகப் போனவை பற்றி வேறு யாராவது சொல்லட்டும், நானும் சொல்கிறேன்.

#4 வேதியியல் டீச்சர்

பள்ளியில் பாடம் நடத்துகிறவள் நான். கலை எனக்கு அவ்வளவு தெரியாது, கண்ணாடி பற்றிக் கொஞ்சம் சொல்லலாம்.

அந்தக் காலத்து வட ஐரோப்பியக் கண்ணாடி மணலும் மரச்சாம்பலும். 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற பெயரில் ஒரு துறவி எழுதிவைத்த தொழில்நூல் இருக்கிறது. பீச் மரச் சாம்பல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு என்கிறார். சாம்பலில் பொட்டாசியம் நிறைய. மணல் உருகும் வெப்பநிலையை அது இறக்கித் தரும். ஆனால் சாம்பல் என்பது பாக்கெட்டில் வரும் ரசாயனம் இல்லையே. மரம் எந்த மண்ணில் வளர்ந்தது, அடிமரமா கிளையா, எந்த ஆற்று மணல் என்பதைப் பொறுத்து மெக்னீசியம், மாங்கனீசு, ஸ்ட்ரான்சியம், ருபிடியம் எல்லாம் கூடிக்குறையும். வேறு காடு, வேறு தலைமுறை என்றால் விகிதமும் வேறு. ஆகவே சேர்மானத்தை அளந்தால் எந்தத் துண்டுகள் ஒரே வழியில் வந்தவை என்று கூட்டம் பிரிக்கலாம்.

அளப்பதற்கு எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை. எக்ஸ் கதிரைக் கண்ணாடி மேல் விட்டால் அதில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ் கதிரைத் திருப்பி அனுப்பும். அதைப் படித்தால் எது எவ்வளவு என்று தெரியும். கையில் பிடிக்கிற அளவுக்குக் கருவி வந்துவிட்டது.

இரண்டு சிக்கல்கள். முதலாவது, எண்ணூறு வருட மழையில் கண்ணாடியின் மேல்தோல் அரித்துப்போயிருக்கும். பொட்டாசியம் போன்ற லேசான தனிமங்களின் சமிக்ஞை மேல்தோலிலிருந்துதான் வரும், அதை நம்ப முடியாது. கனமானவற்றின் சமிக்ஞை இன்னும் ஆழத்திலிருந்து வரும், அவைதான் கைகொடுக்கும். இரண்டாவது, துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டி கண்ணாடிக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். கருவியின் மூக்கு கண்ணாடியில் படியாது. இடைவெளி மாறினால் அளவும் மாறும். அதற்காக அந்த ஆய்வாளர்கள் முப்பரிமாண அச்சில் ஒரு சின்ன இணைப்பைச் செய்து மாட்டினார்கள். அதற்கு விண்டோலைசர் என்று பெயரும் வைத்தார்கள். எனக்கு இந்த ஆய்விலேயே அதுதான் ரொம்பப் பிடித்தது.

கரிசல்காடு சார், ஒன்று கவனியுங்கள். இந்த அளவு தானாக வருடத்தைச் சொல்லாது. காலம் ஏற்கெனவே தெரிந்த துண்டுகளோடு ஒப்பிட்டால்தான் பொருள். அந்த "ஏற்கெனவே தெரிந்த" காலங்களைக் கலை வரலாற்றுக்காரர்கள்தான் கொடுத்தார்கள்.

#5 தாமிரபரணி

டீச்சர், சின்னக் கேள்வி. பழைய கண்ணாடி மெல்ல மெல்ல வழியும், அதனால்தான் பழைய சன்னல்களில் அடிப்பக்கம் தடிமன் என்று படித்திருக்கிறேன். உண்மையா?

#6 வேதியியல் டீச்சர்

இல்லை. அறை வெப்பத்தில் கண்ணாடி நாம் பார்க்கிற அளவுக்கு வழிய எண்ணூறு வருடம் போதவே போதாது. ஊதிச் சுழற்றித் தட்டாக்கும்போதே தடிமன் சீராக இருக்காது. தடித்த பக்கம் மேலே இருக்கிற துண்டுகளும் உண்டு. என் மாணவர்களிடமும் வருடாவருடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

#7 மாடப்புறா

தீ விபத்தில் கண்ணாடி எப்படித் தப்பியது என்று யாரும் கேட்கவில்லையே. அதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

1174 செப்டம்பர் 5. அதைக் கண்ணால் பார்த்த ஜெர்வாஸ் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார். மடத்து வாசலுக்கு வெளியே சில குடிசைகள் தீப்பிடிக்கின்றன. பலத்த தெற்குக் காற்று. பொறிகள் பறந்து பேராலயக் கூரையின் ஈயத் தகடுகளுக்கு இடையே போய் உள்ளே இருந்த மர உத்தரங்களில் பற்றிக்கொள்கின்றன. மேலே ஈயத் தகடு, கீழே வண்ணம் தீட்டிய மரக்கூரை. நடுவில் எரிவது யாருக்கும் தெரியவில்லை. குடிசைத் தீயை அணைத்துவிட்டுச் சனங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஈயம் உருகத் தொடங்கிய பிறகுதான் "ஐயோ, கோயில் எரிகிறது" என்று கூவினார்களாம். உத்தரங்கள் பாடகர் குழு இடத்தில் விழுந்து, அங்கே இருந்த இருக்கைகளும் சேர்ந்து எரிந்தன. மக்கள் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதார்கள் என்று எழுதுகிறார். அந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.

ஆனால் எல்லாம் போகவில்லை. நடுப்பகுதிதான் அழிந்தது. பக்கத்துத் தாழ்வாரச் சுவர்களும் கிழக்குக் குறுக்குக் கைகளின் சுவர்களும் நின்றன. 1175இல் வேலையைத் தொடங்கிய சான்ஸ் நகர வில்லியம் அந்தச் சுவர்களை வைத்துக்கொண்டுதான் மேலே கட்டினார். (அவர் 1178இல் சாரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்டார். பிறகு இன்னொரு வில்லியம், ஆங்கிலேயர், 1184 வரை முடித்தார்.) சுவர் நின்றால் அதிலிருந்த சன்னலும் நின்றிருக்கலாம். வண்ணக் கண்ணாடி அந்தக் காலத்தில் மிகவும் விலையுயர்ந்த பொருள். நல்ல நிலையில் இருந்ததைத் தூக்கிப்போட எந்த மடமும் துணியாது.

அந்தப் பழைய பகுதி 1130இல் அர்ச்சிக்கப்பட்டது, மன்னர் முதலாம் ஹென்றி வந்திருந்தார். ஆய்வு சொல்லும் 1130-1160 அதோடு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்.

#8 பட்டறைப்பையன்

இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன், எழுதலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். நான் பிரான்சில் ஒரு வண்ணக் கண்ணாடிப் பட்டறையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். கேன்டர்பரிக் கண்ணாடியைத் தொட்டதில்லை. ஆனால் பழைய சன்னலைப் பிரிப்பது என்றால் என்ன என்று சொல்ல முடியும்.

ஈயப் பட்டியைக் குறுக்கே வெட்டினால் ஆங்கில எச் எழுத்தைப் படுக்கப்போட்ட மாதிரி இருக்கும். இரண்டு பக்கப் பள்ளத்திலும் கண்ணாடி உட்காரும். சந்திகளில் பற்றாசு வைத்து இணைப்போம். ஈயம் நூறு, நூற்றைம்பது வருடத்தில் சோர்ந்துவிடும், மாற்ற வேண்டிவரும். ஆகவே 12ஆம் நூற்றாண்டுச் சன்னல் ஒன்று இன்று நிற்கிறது என்றால் அதைப் பலமுறை பிரித்துக் கோத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஏதாவது துண்டு உடையும், ஏதாவது புதிதாக உள்ளே வரும். சிலர் நேர்மையாகச் செய்வார்கள். சிலர் புதியதைப் பழையது போலவே கறையேற்றி வைத்துவிடுவார்கள். எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு சன்னலில் முன்பு பழுதுபார்த்த யாரோ முகம் ஒன்றைத் தலைகீழாக மாற்றி வேறோர் ஆள் கழுத்தில் பொருத்தியிருந்தார். கீழிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பழையதா புதியதா என்று எப்படிப் பார்ப்போம் தெரியுமா? ஓரத்தைத்தான். அந்தக் காலத்தில் கண்ணாடியைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பிளந்து, பிறகு கொக்கி மாதிரி ஓர் இரும்பால் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக் கடித்து வடிவுக்குக் கொண்டுவருவார்கள். அந்த ஓரம் எலி கடித்த மாதிரி இருக்கும். பிற்காலத்தில் வைரமுனையால் கீறி உடைத்த ஓரம் சுத்தமாக இருக்கும். அப்புறம் வெளிப்பக்கக் குழிகள். பிறகு உள்பக்கம் தீட்டிய கறுப்புக் கோடுகள்: உலோகத் துருவும் எளிதில் உருகும் கண்ணாடிப் பொடியும் அரைத்து, ஒயினிலோ சிறுநீரிலோ குழைத்து, தீட்டிச் சூளையில் சுட்டது. கோட்டின் ஆரம்பம், முடிவு, தூரிகை எங்கே அழுந்தியது எல்லாம் கை எழுத்து மாதிரி ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

இதையெல்லாம் தரையில் நின்று பார்க்க முடியாது. சாரத்தில் ஏற வேண்டும், இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், கையில் ஏந்திப் பார்க்க வேண்டும். கேவினஸ் அப்படித்தான் பார்த்தார். 1981 தொகுதியில் சன்னல் வரைபடங்கள் இருக்கின்றன. எந்தத் துண்டு பழையது, எது பின்னால் மாற்றியது என்று அந்த வரைபடங்களில் துண்டு துண்டாகக் குறியிட்டிருக்கிறார். எங்கள் பட்டறைத் தலைவி எந்த வேலை வந்தாலும் முதலில் அந்த மாதிரி வரைபடம் ஒன்று போடச் சொல்வார். போடத் தொடங்கினால்தான் தெரியும், ஒரு சன்னலுக்கே வாரக்கணக்கு ஆகும். ஒரு பேராலயம் முழுவதற்கும் என்றால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

#9 கரிசல்காடு

பட்டறைப்பையன் தம்பி, இந்த இழையில் எனக்கு மிகவும் பயன்பட்ட பதிவு உங்களுடையது. நன்றி.

ஆனால் என் கேள்வியை விடமாட்டேன், நேற்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். கொலைக்குப் பிறகு புனிதராக்கப்பட்ட பெக்கெட்டின் அற்புதங்களைக் காட்டும் சன்னல்கள் திரித்துவச் சிற்றாலயத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் யாத்திரிகர்கள் கேன்டர்பரிக்குப் போகும் காட்சி. குதிரையில் சிலர், நடந்து சிலர். இது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதுபார்த்தவர் செய்துவைத்தது என்று நிபுணர்கள் பல காலம் ஒதுக்கியிருந்தார்கள். 2018இல் வரலாற்று ஆய்வாளர் ரேச்சல் கூப்மன்ஸும் பேராலயக் கண்ணாடிப் பட்டறைத் தலைவர் லியோனி செலிகரும் அதைக் கழற்றிச் சோதித்துப் பார்த்ததில் பெரும்பகுதி உண்மையான இடைக்காலக் கண்ணாடி என்று தெரிந்தது. 1180களில் செய்தது, கேன்டர்பரி யாத்திரிகர்களைக் காட்டும் படங்களில் மிகப் பழையது என்கிறார்கள்.

கண் இங்கே தவறியது அல்லவா?

#10 சாளரம்

தவறியது. மறுக்க மாட்டேன்.

ஏன் தவறியது என்பதைப் பார்ப்போம். சாமுவேல் கால்டுவெல் என்று ஒரு குடும்பம், அப்பாவும் மகனும், 1862 தொடங்கி 1950களின் தொடக்கம் வரை கேன்டர்பரிக் கண்ணாடியைப் பராமரித்தார்கள். மகன் கால்டுவெல் திறமைசாலி. இல்லாமல் போன இடங்களுக்குப் பழைய பாணியில் காட்சிகள் செய்து வைத்தார், பழைய துண்டுகளையும் அவற்றில் கலந்தார். எது அவர் செய்தது, எது 12ஆம் நூற்றாண்டு என்று அடுத்த தலைமுறைக்குத் தெளிவாகத் தெரியவில்லை. 1949இல் வெளிவந்த முந்தைய பெரிய நூல் அவர் சொன்னதை நிறையவே நம்பியது. கேவினஸ் வந்துதான் அந்த மூட்டையை அவிழ்த்து, நம்பப்பட்டவற்றில் எவ்வளவு புதியது என்று காட்டினார். அவ்வளவு போலி நடுவே வேலை செய்கிறவர் சந்தேகத்தின் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்துவிடுவது நடக்கக்கூடியதுதான். ஒரு நல்ல துண்டையும் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள்.

ஆனால் 2018இல் திருத்தியவர்கள் என்ன செய்தார்கள்? அதே வேலையைத்தான் இன்னும் நெருக்கமாகச் செய்தார்கள். கழற்றினார்கள், மேசையில் வைத்தார்கள், துண்டு துண்டாகப் பார்த்தார்கள். கேவினஸ் துண்டுவாரியாகத் தன் முடிவை வரைபடத்தில் போட்டுவைத்ததால் எந்தத் துண்டைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று பின்னால் வந்தவர்கள் நேருக்கு நேர் சோதிக்க முடிந்தது. "இந்தச் சன்னல் பெரும்பாலும் பழையது" என்று பொதுவாக எழுதியிருந்தால் யாரும் திருத்தியிருக்கவும் முடியாது. எனக்கு அவர் மேல் மரியாதை கூடுவது இந்த இடத்தில்தான்.

1987 கட்டுரையும் அப்படியே. "இங்கே சில பழைய கண்ணாடிகள் இருக்கலாம்" என்று எழுதிவிட்டுப் போகவில்லை. எந்தெந்த உருவம் என்று பெயர் சொல்லி எழுதினார். தவறானால் தவறென்று காட்டக்கூடிய மாதிரி எழுதினார்.

#11 நூலகத்தில் ஒருத்தி

எல்லாரும் கேன்டர்பரியிலேயே நிற்கிறீர்கள். கேவினஸின் மற்ற வேலைகளையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவரைப் பாதிதான் பார்த்ததாகும்.

இளம்வயதில், மேட்லின் ஹாரிசன் என்ற பெயரில், நார்மண்டியில் ஃபெக்கான் மடத்தில் உள்ள, இங்கிலாந்தின் எட்வர்ட் மன்னரின் வாழ்க்கைக் கண்ணாடி பற்றி எழுதியவர். பிறகு ரெய்ம்ஸ், பிரேன் ஆகிய பிரெஞ்சு மடங்களின் கண்ணாடி, சிற்பம் பற்றி 1990இல் ஒரு பெரிய நூல். பிரேன் கண்ணாடி பல இடங்களில் சிதறிப்போனது. துண்டுகளைத் தேடிப்பிடித்து எது எங்கே இருந்திருக்கும் என்று யோசித்துச் சேர்த்திருக்கிறார்.

அப்புறம் கார்ப்பஸ் விட்ரியாரம். தாமிரபரணி போன்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பா முழுக்கச் சன்னல்களைக் கழற்றிப் பத்திரமாக வைத்தார்கள். கேன்டர்பரியிலும் பெரும்பகுதியைக் கழற்றினார்கள். 1942 ஜூன் 1 அன்று விழுந்த குண்டுகளில் அந்தப் பேராலயத்து நூலகமே போனது. போர் முடிந்து திருப்பி மாட்டுவதற்குள், கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் பதிவுசெய்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில் 1950களின் தொடக்கத்தில் பிறந்த பன்னாட்டுத் திட்டம் அது. நாட்டுக்கு நாடு குழு. கேன்டர்பரித் தொகுதி அந்த வரிசையில் வந்ததுதான். கேவினஸ் 1987 முதல் 1995 வரை அந்த அமைப்பின் உலகத் தலைவர். அமெரிக்க அருங்காட்சியகங்களிலும் வீடுகளிலும் போய்ச் சேர்ந்த பழைய கண்ணாடிகளைப் பட்டியல் போட்ட வேலையிலும் அவர் முன்னால் நின்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் பெண்களைப் பற்றி எழுதியவை. 1324இல் பிரான்ஸ் மன்னரை மணந்த ழான் தெவ்ரோ என்ற சின்னப் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட உள்ளங்கை அளவு செபப்புத்தகம் ஒன்று நியூயார்க்கில் இருக்கிறது. எல்லாரும் அதன் அழகைப் பேசினார்கள். கேவினஸ் 1993இல் வேறு மாதிரி கேட்டார்: பதினான்கு வயதை ஒட்டிய பெண் இந்த ஓரப் படங்களைப் பார்த்தால் அவளுக்கு என்ன சொல்லும்? அவளை அது மகிழ்விக்கிறதா, பயமுறுத்தி அடக்குகிறதா? அந்தக் கட்டுரையைப் படித்த நாளிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் "இதை யாருக்குக் காட்டச் செய்தார்கள்" என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. 12ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பெண் துறவி பிங்கன் ஹில்டகார்டின் தரிசன நூலில் உள்ள படங்களை ஹில்டகார்டே வடிவமைத்தார் என்று அழுத்திச் சொன்னவர்களிலும் அவர் ஒருவர். அதை எல்லாரும் ஏற்கவில்லை. நான் ஏற்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகும் நிற்கவில்லை. ஜெர்மானியச் சட்ட நூலான ஸாக்ஸன்ஷ்பீகலின் படச்சுவடிகளில் பெண்களையும் யூதர்களையும் எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய நூல் 2018இல் வந்தது. எண்பது வயது.

#12 தாமிரபரணி

இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. 86இல் 43 தான் மிஞ்சியது என்றீர்களே, மீதி எப்படிப் போனது? தீயிலா?

#13 மாடப்புறா

தீக்குப் பிறகு வைத்த வரிசை அது, ஆகவே தீயில் இல்லை. 1538இல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் பெக்கெட்டின் சமாதியை இடித்தார்கள். பெரிய அடி 1640களில், உள்நாட்டுப் போரின்போது. ரிச்சர்ட் கல்மர் என்ற பாதிரியார், உயரமான நகர ஏணியில் ஏறி நின்று நீண்ட ஈட்டியால் பெக்கெட்டின் உருவக் கண்ணாடியை உடைத்தார். அதைப் பெருமையாக அவரே எழுதியும் வைத்திருக்கிறார். அப்புறம் காற்று, மழை, சிறுவர் எறிந்த கல், இடம் மாற்றியபோது நேர்ந்த சேதம். முன்னோர்களின் சன்னல்கள் உயரத்தில் இருந்தது ஒருவகையில் அவற்றைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். எட்டாத இடம்.

அற்புதச் சன்னல் ஒன்றில் 1660களில் திருப்பி மாட்டியபோது காட்சிகளையே வரிசை மாற்றிவிட்டார்கள். 2021இல் பிரிட்டிஷ் மியூசியம் பெக்கெட் கண்காட்சிக்குக் கொண்டுபோவதற்கு முன்னால்தான் அந்த வரிசையைச் சரிசெய்தார்கள். முந்நூற்றைம்பது வருடம் கதை குழம்பியபடியே இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

#14 பட்டறைப்பையன்

ஒன்று சேர்க்கிறேன். 2009இல் தெற்குப் பெருஞ்சன்னலின் கல்சட்டத்திலிருந்து கல் பெயர்ந்து விழுந்தது. சட்டம் முழுவதும் பழுது என்று தெரிந்து கண்ணாடியை எல்லாம் இறக்கினார்கள். கல்வேலை நடக்கிற இடைவெளியில் முன்னோர்களில் சிலர் லாஸ் ஏஞ்சல்ஸில் கெட்டி அருங்காட்சியகத்துக்கும், 2014இல் நியூயார்க் க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்துக்கும் போய்வந்தார்கள். அங்கே கண்ணுக்கு நேரே வைத்தார்கள். எண்ணூறு வருடத்தில் சாதாரண சனங்கள் அந்த முகங்களை அந்த உயரத்தில் பார்த்தது அநேகமாக அப்போதுதான். எங்கள் பட்டறைத் தலைவி நியூயார்க் போய்ப் பார்த்துவந்தார். கண் இமைக் கோட்டைப் பற்றி மட்டும் ஒரு மணிநேரம் பேசினார்.

#15 கரிசல்காடு

டீச்சர் #4இல் கடைசியாகச் சொன்னதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கருவியும் தனியாக வருடம் சொல்வதில்லை, கண் கொடுத்த காலங்களோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறது. அப்படியானால் "ஊகம், பிறகு நிரூபணம்" என்று நான் பிரித்தது சரியில்லை. முதல் பதிவில் நான் எழுதிய "அது ஓர் ஊகம்" என்ற வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். யாத்திரிகர் விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

சாளரம், அடுத்த முறை போகும்போது நாத்தானை எப்படி அடையாளம் காண்பது?

#16 சாளரம்

யாத்திரிகர் விஷயத்தில் உங்கள் கருத்து சரிதான், அதை விட வேண்டாம்.

பெயர் கண்ணாடியிலேயே எழுதியிருக்கிறது. தொலைநோக்கி ஒன்று எடுத்துப்போங்கள், சின்னது போதும். மதியத்துக்கு மேல், வெயில் தெற்கிலிருந்து வரும்போது போனால் நல்லது. சன்னலுக்கு நேர்கீழே நிற்காமல் எதிர்ச்சுவர் வரை பின்னால் போங்கள், கழுத்து வலிக்காது. முதலில் முகத்தைப் பார்க்காதீர்கள். மடியில் துணி எப்படி விழுகிறது என்று பார்த்துவிட்டு, பக்கத்து உருவங்களின் மடியைப் பாருங்கள். பிறகு சுற்றியிருக்கும் கரையைப் பாருங்கள்.

சித்தி ஊருக்குப் போவதற்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. சனிக்கிழமை மறுபடியும் கூட்டிப்போகிறேன். இந்தத் தடவை பதில் தெரியும்.